வலை விழாத ரத்தம்

டிரசர் சேதுராமனுக்கு மூன்று மொழி தெரியும் என்று மலாக்காவின் காஜா பெராங்கில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். தமிழ் தாய்மொழி. ஆங்கிலம், தம்பின் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டருக்கு டிரசராக, அதாவது மருந்து கட்டும் உதவியாளாக, பதினெட்டு வருஷம் திட்டு வாங்கிக் கற்றது. மலாயை மட்டும் அவர் யாரிடமும் கற்கவில்லை. தோட்டத்தில் எல்லோரும் தமிழர்கள். அங்கே மலாய் எதற்கு? மலாக்காவுக்கு வந்த பிறகு மீன்காரனிடம் பாதி, சைக்கிள் கடைக்காரனிடம் பாதி என்று பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, "மலாய்தானே, நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லித் திரிந்தார். அந்த அரைகுறை மலாய்தான் பிற்பாடு அவரைத் தலை நிமிர முடியாமல் செய்தது.

ஜப்பான்காரன் கணக்கில் அது 2603ஆம் வருஷம். நம் கணக்கில் 1943. தோட்டம் படுத்துவிட்டது. வெள்ளைக்கார டாக்டரைச் சிங்கப்பூருக்குச் சிறை கொண்டுபோய்விட்டார்கள். சேதுராமன் தோட்டத்து மைக்ராஸ்கோப்பைப் பழைய கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டுக்குள் இருந்த சின்ன மருந்தகத்தில் வேலைக்கு அமர்ந்தார். மருந்தகம் என்று பெயர்தான். கொய்னா கொஞ்சம், இரும்புச் சத்துக் கலவை கொஞ்சம், மீதி காலிப் புட்டிகள். வேறொரு டாக்டர் வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சுவர்க்கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. அது பன்னிரண்டு அடிக்கும்போது வெளியே பத்தரை மணி வெயில்தான் அடிக்கும். அந்த வெயில் ஜன்னல் வழியே மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில் விழும் இரண்டு மணி நேரம்தான் சேதுராமனுக்கு உண்மையான வேலை நேரம்.

ரத்தம் உடம்பில் எங்கே உண்டாகிறது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். மீதிப்பேர் வயிற்றைத் தடவுவார்கள். சேதுராமன் எலும்பைத் தட்டுவார். "இங்க, உள்ள மஜ்ஜை இருக்கு பாருங்க, அங்கதான் பொறக்குது" என்பார். கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அவருக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. மஜ்ஜைக்குள் தாயணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன; அவற்றிலிருந்துதான் சிவப்பணுவும் வெள்ளையணுவும் தனித்தனி வழியாகப் பிரிந்து வளர்கின்றன என்று வெள்ளைக்கார டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். சிவப்பாகப் போகிற அணு பிறக்கும்போது சிவப்பே இல்லை. பெரிதாக, நீலமாக, நடுவில் கொழுத்த கருவோடு இருக்கும். நாளாக ஆக உடம்பு சிறுத்து, கரு இறுகி, மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும். கடைசியில் கருவையே வெளியே துப்பிவிட்டு எலும்பைவிட்டுப் புறப்படும். புறப்பட்ட ஒன்றிரண்டு நாள் அதற்குள் பிள்ளைப்பருவத்து மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நீலச் சாயத்தில் போட்டால் அந்த மிச்சம் அணுவுக்குள் வலை விழுந்ததுபோலத் தெரியும். பிறகு அதுவும் கரைந்துபோகும். அப்புறம் மூன்று நான்கு மாதம் உடம்பெங்கும் ஓடியாடிவிட்டு அணு செத்துப்போகும்.

ஆரோக்கியமான ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வலை தெரியும். ஆனால் சில கர்ப்பிணிகளுக்கு ஒரு சோகை வரும். மஜ்ஜையில் அணுக்கள் பெரிது பெரிதாக வளரும், கரு மட்டும் பழுக்காது. முக்கால்வாசி எலும்பைவிட்டு வெளியே வராமல் உள்ளேயே மடிந்துபோகும். "வளர்த்தி உண்டு, முதிர்ச்சி இல்லை" என்று சேதுராமன் அதற்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார். ஈரலில் என்னவோ ஒன்று இருக்கிறது, அது அந்தக் கருவைப் பழுக்க வைக்கிறது. அந்த 'என்னவோ' என்னவென்று டாக்டருக்கும் தெரியாது. ஆனால் ஈரல் தின்ற ஐந்தாம் நாளிலிருந்து வலை விழுந்த பிள்ளை அணுக்கள் எலும்பைவிட்டுக் கும்பல் கும்பலாக வரும். பத்து நாளுக்குள் நூற்றுக்குப் பத்து, இருபது என்று ஏறும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே சேதுராமன் பசியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் ஈரல்சாற்று ஊசிமருந்து ஆறு குப்பி இருந்தது. ஒரு ஆளைக் கரையேற்றத்தான் போதும். சிறைக்குப் போகிற அன்றைக்கு டாக்டர் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்து இப்படிச் சொன்னார்: "சேது, முதலில் பத்து நாள் ஈரல் தின்னச் சொல். வலை விழுகிறதா என்று பார். விழுந்தால் ஊசி போடு. விழாவிட்டால் நோய் வேறு; மருந்தை வீணாக்காதே." சேதுராமனுக்கு அது வேதவாக்கு.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில் இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் வந்தார்கள். இருவருக்கும் ஏழாம் மாதம். இருவரும் மாதக்கணக்காக மரவள்ளிக்கிழங்கையே தின்று வந்ததாகச் சொன்னார்கள். இருவர் ரத்தத்திலும் அணுக்கள் பெரிது பெரிதாக இருந்தன.

முதலாமவள் உஜோங் பாசிரிலிருந்து வந்த அஞ்சலை. புருஷன் மருதமுத்து மாட்டுவண்டி ஓட்டுகிறவன். சேதுராமன் தமிழில் சொன்னார், வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"ஈரல் குடுப்பா இவளுக்கு. பத்து நாளைக்கு, ஒரு நாள் விடாம."

"எந்த ஈரலு டிரசரய்யா? ஆடு எங்க இருக்கு இப்ப? பசார்ல மாட்டு ஈரல்தான் எப்பவாச்சும் வருது."

"எது கெடைச்சாலும் குடு. மருந்துன்னு நெனச்சுக்க."

"மாரியாத்தா மன்னிக்கட்டும்" என்று மருதமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

இரண்டாமவள் கண்ணம்மா. காஜா பெராங்கின் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். செட்டிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் விபூதி. வாயைத் திறந்தால் மலாய். நடுநடுவே அக்கா, அண்ணன் என்று நாலு தமிழ்ச் சொல் மிதக்கும், அவ்வளவுதான். அவர்கள் பேசியதை இங்கே தமிழில் எழுதினாலும் பேசியது மலாயில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணம்மாவோடு அவள் நாத்தனார் மீனாச்சி துணைக்கு வந்திருந்தாள். கண்ணம்மாவின் புருஷன் ராஜனை ஐந்து மாதம் முன்னால் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடிதம் இல்லை, தகவல் இல்லை.

விரலில் ஊசி குத்தியபோது கண்ணம்மா முகம் சுளிக்கவில்லை. வந்த சொட்டைப் பார்த்துவிட்டு, "துவான், இது ரத்தமா, ரோஜாச் சர்பத்தா?" என்று கேட்டாள். துவான் என்றால் ஐயா. அந்தச் சொட்டு அவ்வளவு வெளிறியிருந்தது. சேதுராமன் கண்ணாடிச் சில்லில் இழுத்து, காயவைத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தானும் பார்க்கவேண்டும் என்றாள். கர்ப்பிணி கேட்கிறாள் என்று விட்டார். அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் நானா?"

"நீதான்."

"கொஞ்சம் பேர்தான் இருக்காங்க."

சேதுராமன் சிரித்துவிட்டார்.

"எனக்கே போதலைன்னா வயித்துல இருக்கறதுக்கு எப்படிப் போதும் துவான்?"

"அது தன் பங்க முதல்ல எடுத்துக்கும். மிச்சம்தான் உனக்கு."

அவள் தலையசைத்தாள். அது நியாயம்தான் என்பதுபோல.

இனி வைத்தியம் சொல்லவேண்டும். இங்கேதான் சேதுராமனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரில் ஈரல் என்று வெளிப்படையாகக் கிடைத்தது மாட்டு ஈரல் ஒன்றுதான். கோழி, வாத்து வைத்திருந்தவர்கள்கூட ஜப்பான்காரன் காதில் விழுந்துவிடும் என்று இல்லையென்றே சாதிப்பார்கள். கண்ணம்மாவோ நேரே மாரியம்மன் கோயிலிலிருந்து வந்திருந்தாள். விபூதி இன்னும் நெற்றியில் ஈரமாக இருந்தது. மருதமுத்துவிடம் அவரே மாட்டின் பெயரை எடுக்கவில்லை, அவன்தான் எடுத்தான். இங்கே அவரே எடுக்கவேண்டும். ஈரலுக்கு மலாயில் ஹாத்தி. மாட்டுக்கு லெம்பு. ஹாத்தி லெம்பு என்று இரண்டு சொல். இரண்டாவது சொல்லை அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. புரிகிறவர்களுக்குப் புரியும் என்று மாட்டை முழுங்கிவிட்டார்.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஆவாக் மெஸ்தி மக்கான் ஹாத்தி. தியாப் தியாப் ஹாரி."

நீ கட்டாயம் ஈரல் சாப்பிடவேண்டும், ஒவ்வொரு நாளும். இலக்கணம் சுத்தமாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

திரும்பிப் பார்த்தார். கண்ணம்மாவின் கண் நிறைந்திருந்தது. மீனாச்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"துவானுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் கண்ணம்மா மெதுவாக.

எப்படித் தெரிந்தது என்றால்? வைத்தியம் எப்படித் தெரியும் என்று கேட்கிறாள் போலிருக்கிறது. சேதுராமன் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் உன் ரத்தம் சொல்லுது" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு இரண்டு கையையும் கூப்பினாள். பாவம், மாட்டை நினைத்து அழுகிறாள், ஆனாலும் பிள்ளைக்காகத் தின்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இரண்டு பெண்களும் வந்தார்கள். நீலச் சாயம் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. சொட்டு சொட்டாக எண்ணிப் போட்டார். அஞ்சலையின் ரத்தத்தில் நூற்றுக்கு ஆறு வலை. கண்ணம்மாவின் ரத்தத்தில் ஒன்று.

"மக்கான் ஹாத்தி?" என்று கேட்டார்.

"தியாப் தியாப் ஹாரி, துவான்" என்றாள் கண்ணம்மா. ஒவ்வொரு நாளும். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எட்டாம் நாள் அஞ்சலைக்குப் பதினான்கு. கண்ணம்மாவுக்கு ஒன்று. மறுபடி கேட்டார். "சாப்பிடும்போதும் அதேதான் துவான்" என்றாள். இதற்குமேல் ஒரு பெண்ணை என்ன கேட்பது? எந்த ஈரல், எங்கே வாங்கினாய், எவ்வளவு என்று துருவினால் மாட்டின் பெயர் வெளியே வந்துவிடும். அவள் மறைத்துத் தின்கிற பாவத்தை நான் எதற்கு வெளியே இழுக்கவேண்டும் என்று கௌரவமாக இருந்துவிட்டார். அந்தக் கௌரவத்தில் தீ வைக்க. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பத்தாம் நாள் அஞ்சலைக்குப் பத்தொன்பது. உதட்டில் நிறம் வந்து, புருஷனை அதட்டும் அளவுக்குத் தெம்பும் வந்திருந்தது. கண்ணம்மாவுக்கு அன்றைக்கும் ஒன்றுதான். ஆயிரம் அணுக்களை எண்ணிப் பார்த்தார். பழைய கிழட்டு அணுக்களும், பெருத்துப்போன அணுக்களும், அங்கங்கே ஒரு வலையும். சாயப் புட்டி காலி.

நோட்டில் எழுதினார்: "கண்ணம்மா, ஈரலுக்கு மசியவில்லை. நோய் வேறு."

ஆறு குப்பியும் அஞ்சலைக்குப் போயிற்று. கண்ணம்மாவுக்கு இரும்புக் கலவையும் கொய்னாவும் கொடுத்தார். அவள் இரண்டையும் தவறாமல் குடித்தாள். வருகிற ஒவ்வொரு முறையும், "என் ரத்தம் இன்னைக்கு என்ன சொல்லுது துவான்?" என்று கேட்பாள். சாயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, "நல்லாத்தான் சொல்லுது" என்பார்.

மார்கழியில் ஒரு காலை மீனாச்சி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். சேதுராமன் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். மருத்துவச்சி கையில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. கண்ணம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் உதிரம் போகவில்லை. எல்லாப் பெண்களும் தாங்குகிற அளவுதான். ஆனால் அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். உள்ளங்கை பாய் நிறத்தில் இருந்தது. சேதுராமனைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள். குனிந்து காதைக் கொடுத்தார்.

"அதோட ரத்தம் செவப்பா?"

"நல்ல செவப்பு" என்றார்.

"தன் பங்க எடுத்துக்கிச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

சேதுராமனுக்குத் துக்கம்தான். ஆனால் மனச்சாட்சி குத்தவில்லை. விதிப்படி பார்த்தோம், வலை விழவில்லை, நோய் வேறு, நம்மால் ஆனதைச் செய்தோம் என்று ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். அஞ்சலைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மாதம் ஒருமுறை தூக்கிக்கொண்டு வருவாள். "ஒங்க பேரையே வெச்சிட்டோம் டிரசரய்யா, சின்ன சேது" என்று காட்டுவாள். கொழுகொழுவென்று இருக்கும். அதைத் தூக்கும்போதெல்லாம் டாக்டருடைய விதி எத்தனை சரி என்று அவருக்குத் தோன்றும்.

2605இல், அதாவது 1945இல், தை பிறப்பதற்கு முதல் நாள் மீனாச்சி மருந்தகத்துக்கு வந்தாள். செட்டிகள் பொங்கலுக்கு முந்தின நாள் செத்துப்போனவர்களுக்கு இலை போடுவார்கள். பார்ச்சு என்று பெயர். யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வைத்துக் கூப்பிட்டு, அவர்கள் உண்பதற்காகச் சற்று விலகி நின்று, பிறகு வீட்டார் அந்த உணவைப் பகிர்ந்து உண்பார்கள். கண்ணம்மாவுக்கு வருஷத் துக்கம் கழிந்து அதுதான் முதல் பார்ச்சு. "துவான் கட்டாயம் வரணும். அவ இருந்தா உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டிருப்பா" என்றாள்.

சாயங்காலம் போனார். நடுக்கூடத்தில் இலைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒளித்து வைத்திருந்த அரிசியில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு பிடி சோறு, மீதியெல்லாம் மரவள்ளி. கண்ணம்மாவின் குழந்தை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அவரைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் அதன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. ராஜனிடமிருந்து இன்னும் தகவல் இல்லை.

கோடியில் இருந்த இலையைக் காட்டி, "அது கண்ணம்மாவுது" என்றாள் மீனாச்சி. சோற்றுக்குப் பக்கத்தில் மிளகாய் அரைத்துப் பிரட்டின ஏதோ ஒன்று கருஞ்சிவப்பாக இருந்தது.

"அது என்ன?"

"ஹாத்தி ஈத்தேக். வாத்து ஈரல். அவளுக்கு உயிர் துவான். சின்ன வயசுல ஈரலுக்காகத் தன் அண்ணனோட சண்டை போடுவாளாம். பின்னால ஒளிச்சு வெச்சு வாத்து வளர்க்கறோம். அவ இருந்தப்போ ஒம்பது இருந்துச்சு. இப்போ இதுதான் கடைசி."

சேதுராமனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அட, மாட்டை நினைத்து அழுதாள் என்று நினைத்தோமே, பாவம், வீட்டு வாத்தையே தின்றிருக்கிறாள். "அப்படின்னா அந்தப் பத்து நாளும் தின்னது வாத்து ஈரலா?" என்று கேட்டார்.

"எந்தப் பத்து நாள்?"

"நான் சொன்னேனே. ரத்தம் பார்த்த அன்னைக்கு. மக்கான் ஹாத்தி, தியாப் தியாப் ஹாரி. அவளும் ஆமான்னாளே."

மீனாச்சியின் முகம் இளகிவிட்டது. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"அத நான் எப்படி மறப்பேன் துவான்? எங்க அண்ணன் ராஜனைப் பிடிச்சுட்டுப் போன நாளா அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. எங்க யார்கிட்டயும் வாயைத் தொறக்கலை. எல்லாத்தையும் உள்ளயே வெச்சுப் புழுங்கிட்டு இருந்தா. கூடவே படுக்கற எனக்கே தெரியலை. நீங்க ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில பார்த்துட்டு, நீ மக்கான் ஹாத்தியாத்தான் இருக்கணும், ஒவ்வொரு நாளும்னு சொல்லிட்டீங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதா. அக்கா, துக்கம் ரத்தத்துல தெரியுமான்னு கேட்டா. அன்னைக்குத்தான் ராஜன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதா. ஒருத்தருக்காவது தெரிஞ்சுதேன்னு அவளுக்கு அவ்வளவு ஆறுதல்."

சேதுராமனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. மலாயில் ஹாத்தி என்றால் ஈரல். ஹாத்தி என்றால் மனசும்தான். மக்கான் ஹாத்தி என்றால் துக்கத்தை வெளியே விடாமல் தன் மனசையே தான் தின்றுகொண்டிருப்பது. மெஸ்தி என்றால் 'கட்டாயம் செய்' என்பது ஒரு பொருள்; 'அப்படித்தான் இருக்கும்' என்பது இன்னொரு பொருள். குழந்தைகூட அறிந்த பேச்சு. லெம்பு என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், இல்லை, வாத்து, கோழி, பூனை என்று எந்த மிருகத்தைச் சேர்த்திருந்தாலும் அது ஈரலாகியிருக்கும். மிருகத்தை எடுத்துவிட்டார், அது மனசாகிவிட்டது. தமிழில் மட்டும் என்ன? சோகைக்கும் சோகத்துக்கும் நடுவே ஒரு எழுத்து இடைவெளிதான். இத்தனை வருஷம் சோகை சோகை என்று எழுதிய கைக்கு அது உறைத்ததே இல்லை.

ஒன்பது வாத்து. ஒன்பது ஈரல். அவை முழு வைத்தியம் ஆகியிருக்காது, அவருக்குத் தெரியும். ஆனால் வலை விழுந்திருக்கும். நூற்றுக்கு ஐந்தாகிலும் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் அந்த ஆறு குப்பி... அந்த இடத்தில் சின்ன சேதுவின் கொழுத்த கன்னம் குறுக்கே வந்து நின்றது. இவளுக்குப் போட்டிருந்தால் அவள் இல்லை. அவளுக்குப் போட்டதால் இவள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பியும் மூச்சு விட இடமில்லை. விதி சரியாகத்தான் வேலை செய்தது. கேட்டவர்தான் சரியாகக் கேட்கவில்லை. பத்து நாள் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும், சாப்பிடும்போதும் என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வலையை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று மொழி தெரிந்த டிரசர்! வளர்த்தி உண்டு, முதிர்ச்சி இல்லை.

"மீனாச்சி, நான் அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷமாக வைத்துக் காப்பாற்றிய நன்றி அந்த முகத்தில் அப்படியே இருந்தது. ஒருத்தருக்காவது தெரிந்ததே என்று செத்துப்போனவள் கொண்டுபோன ஆறுதல் ஒன்றுதான் அந்த வீட்டில் மிச்சம். அதையும் பிடுங்கிவிட்டு, நான் உன் மனசைப் பார்க்கவில்லை, உன் துக்கம் எனக்குத் தெரியவே தெரியாது, மாட்டு ஈரல் தின்னச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? சேதுராமன் வாயை மூடிக்கொண்டார். இதைக் கருணை என்றும் சொல்லலாம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம். அவர் கடைசிவரை கோழைத்தனம் என்றே வைத்துக்கொண்டார்.

செத்தவர்கள் உண்டு முடிக்கட்டும் என்று எல்லோரும் முற்றத்தில் வந்து நின்றார்கள். பின்பக்கத்தில் வாத்து அடைத்து வைத்திருந்த பழைய பெட்டி கதவு திறந்து காலியாகக் கிடந்தது. சேதுராமன் அதைப் பார்க்காமலிருக்க வானத்தைப் பார்த்தார். வீட்டுப் பெரியவர் போகலாம் என்றதும் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மீனாச்சி கோடி இலையை எடுத்து வந்தாள். அதிலிருந்த ஈரலில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, மிளகாயை விரலால் துடைத்து, குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டி இன்னும் கேட்டது. மீதித் துண்டைச் சேதுராமனின் இலையில் வைத்தாள்.

"மக்கான் ஹாத்தி, துவான்" என்றாள். சாப்பிடுங்கள் என்று உபசாரமாகத்தான் சொன்னாள்.

சேதுராமன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காரத்தில் கண் கலங்குகிறது என்று மீனாச்சி தண்ணீர் எடுத்துவரப் போனாள்.